சிக்வினை அழித்துவிடாதே

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாப்ளே,

போனில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் பாதி விஷயம் உனக்கு எட்டியிருக்காது. எழுதிவிடுகிறேன்.

பாலக்கோட்டு மண்டித் தக்காளி விலைகளை நீயே ஸ்கிரிப்ட் எழுதித் தொகுக்கப் போகிறாய் என்றதும் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் விண்டோஸிலேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட உதவும் சிக்வினைப் போட்ட கையோடு, "எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி போடட்டுமா" என்றாயே, அது வேண்டாம். நீ சொன்ன கோளாறுகளில் ஒன்றுகூட இன்ஸ்டால் செய்ததில் வந்ததில்லை. பத்து தரம் போட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் டபிள்யூகெட் இல்லை என்பது சின்ன விஷயம். முதலில் வருவது அடிப்படைப் பேக்கேஜ்கள் மட்டுமே. டெர்மினலையெல்லாம் மூடிவிட்டு அதே செட்டப்பை மறுபடி ஓட்டு. ஏற்கெனவே போட்டது அழியாது. 'வியூ' என்ற இடத்தில் 'ஃபுல்' வைத்துத் தேடி, 'ஸ்கிப்' என்றிருப்பதை மாற்றி வெர்ஷனைத் தேர்ந்தெடு. ஆசைப்பட்டு எல்லாவற்றையும் டிக் செய்துவிடாதே, டிஸ்க் தாங்காது.

ஸ்கிரிப்ட் ஓட்டினால் 'பின்சாய்வு ஆர், கமாண்டு நாட் ஃபவுண்ட்' என்று வருகிறதே, அது நோட்பேடில் புதிதாகத் தட்டச்சு செய்ததால் வந்தது. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் வைக்கும். யூனிக்ஸுக்கு ஒன்று போதும். மிச்சமிருப்பதுதான் அந்தப் 'பின்சாய்வு ஆர்'. கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் அதையும் ஒரு கட்டளை என்று நினைத்து ஓட்டப் பார்க்கிறது. வரி முடிவுகளை யூனிக்ஸ் முறைக்கு மாற்றும் டாஸ்டுயூனிக்ஸ் பேக்கேஜைப் போட்டு, கோப்பை அதன் வழியாக ஒருமுறை அனுப்பு, சரியாகிவிடும். அப்புறம், எக்செல்லிலிருந்து எடுக்கிற சிஎஸ்வியிலும் இதே குறி இருக்கும். கடைசி நெடுவரிசையில் ஊர்ப் பெயர் இருந்தால், கண்ணுக்கு 'ராயக்கோட்டை' என்றே தெரியும், ஆனால் கோப்பை வரி வரியாகப் படித்துக் கணக்குப் போடும் ஆக் அதைப் பொருத்திப் பார்த்து இல்லை என்று சொல்லும். பிழைச் செய்தியே வராது, மொத்தத் தொகை மட்டும் குறையும். அதனால் டேட்டாக் கோப்பையும் அப்படியே சுத்தம் செய்துகொள்.

டெர்மினலில் ஓடுவது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஓடவில்லை என்றாயே, அதுதான் உன்னை நிஜமாகவே சுற்றவிட்டிருக்கும். சார்ட் (வரிசைப்படுத்துவது), ஃபைண்ட் (தேடுவது) என்ற பெயரில் விண்டோஸிலும் ப்ரோகிராம்கள் உண்டு, சிஸ்டம்32 ஃபோல்டரில். டெர்மினல் திறக்கும்போது சிக்வின் தன் ஃபோல்டரை பாத்தில், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில், முன்னால் வைத்துக்கொள்கிறது. ஷெட்யூலர் பாஷை நேரடியாகக் கூப்பிட்டால் அந்த ஏற்பாடு நடப்பதில்லை. நீ கூப்பிட்டது ஒரு சார்ட், வந்து நிற்பது இன்னொரு சார்ட். பாஷுக்குப் பின்னால் ஹைபன், சின்ன எல் சேர்த்துவிடு. அப்படிச் செய்தால் அது ஹோம் ஃபோல்டருக்குப் போய் நின்றுகொள்ளும், ஆகவே ஸ்கிரிப்டுக்குள் கோப்புகளின் முழுப் பாதையையும் எழுது. சந்தேகம் வரும்போதெல்லாம் 'டைப் ஹைபன் ஏ' போட்டு, பக்கத்தில் கட்டளையின் பெயரைக் கொடு. எந்த ஃபோல்டரிலிருந்து யார் வருகிறார் என்று வரிசையாகச் சொல்லிவிடும்.

நடுநடுவே 'ஃபோர்க்' என்று ஒரு பிழை வந்தால் ஆன்டிவைரஸைப் பார். ஓடுகிற ப்ரோகிராம் தன்னைப் போலவே ஒரு நகலை உண்டாக்குவதுதான் ஃபோர்க். விண்டோஸில் அது கிடையாது. சிக்வின் அதைப் பாடுபட்டு நடித்துக் காட்டுகிறது. வேறொரு மென்பொருள் நடுவில் தன் நிரல் துண்டான டிஎல்எல்லை நுழைத்தால் ஆட்டம் கலைந்துவிடும். சிக்வின் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கி வைத்துப் பார்.

உன் அக்கா பையன் டபிள்யூஎஸ்எல்லுக்கு (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்ட் தருவது) மாறச் சொல்கிறான் என்றாய். நல்லதுதான். அதன் இரண்டாம் பதிப்பில் நிஜ லினக்ஸ் கெர்னலே ஓடுகிறது. ஆனால் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும், மெமரியும் கேட்கும். உன் கோப்பெல்லாம் சி டிரைவில் கிடக்கிறது, அங்கே கை வைக்கும்போது மெதுவாகத்தான் போகும். விலைக் கணக்குக்கு சிக்வினே தாராளம் என்பேன்.

இங்கே பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் கூழ் ஆலை வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. விலைதான் எப்போதும் போலப் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் செந்தூரா ஒரு பெட்டி எடுத்து வைக்கிறேன். அதற்குள் சிக்வின் நிலவரத்தைச் சொல்லும் 'சிக்செக் ஹைபன் எஸ்' ஓட்டி, வருவதை ஒரு கோப்பில் போட்டு அனுப்பு. மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே