கைக்கண்ணாடியோடு வந்த அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

சூளை திறந்து இரண்டு நாளாகிறது. குன்றுத்தொடர் மண்சிற்பத்தின் ஐந்து துண்டுகளும் விரிசலில்லாமல் நிற்கின்றன. முதல் முறை சூளைக்குள் வெடித்துப்போனது உங்களுக்கே தெரியும். நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

குன்றின் அடிவாரத்திலிருந்து மண் சுமந்து வந்தவர்கள், அதைக் கரைத்து 60 மெஷ் (அங்குலத்துக்கு 60 கண்கள்) சல்லடையில் இருமுறை வடித்தவர்கள், வினிகர் விட்டு நுரைத்த சுண்ணாம்புக் கற்களைப் பொறுக்கி எறிந்தவர்கள், சூளைக்குள் அடுக்க அலமாரிப் பலகைகள் தந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஒரு சுண்ணாம்புக் கல் தப்பியிருந்தாலும், சுட்ட பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, மேற்பரப்பைச் சில்லாகத் தெறிக்க வைத்திருக்கும். கடையில் மண் வாங்குவது எளிது என்று யாருமே சொல்லவில்லை. அந்தக் குன்றை அந்தக் குன்றின் மண்ணிலேயே செய்ய வேண்டும் என்பது உங்களுக்கும் பிடிவாதமாகவே இருந்தது.

ஆனால் இந்த மடல் முக்கியமாக உங்களுக்குத்தான் அக்கா. யாரும் அழைக்காமலே ஒரு கைக்கண்ணாடியோடு வந்தீர்கள்.

குன்றின் மடிப்புகளில் சுவர் 4 செ.மீ. வரை தடித்திருந்தது. தொட்டால் காய்ந்த மண். கன்னத்தில் வைத்தால் சில்லென்றது, உள்ளே இன்னும் ஈரம். மண்ணுக்குள் அடைபட்ட காற்றுதான் வெடிக்க வைக்கிறது என்றே நினைத்திருந்தோம். ஈரம்தான் காரணம் என்று காட்டினீர்கள். 100 டிகிரியில் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். தடித்த சுவருக்குள் அதற்கு வழி ஏது?

சூளையை 85 டிகிரியிலேயே நிறுத்தி, மேல்துளையின் அடைப்பை எடுத்துவிட்டு, அரை மணிக்கொரு முறை அந்தத் துளைக்கு மேல் கண்ணாடியைச் சில நொடி பிடித்தீர்கள். மங்கினால் ஈரம் இன்னும் வெளியேறுகிறது. துடைத்து, ஆறவிட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். சூடான கண்ணாடி மங்காது, ஏமாற்றிவிடும். எட்டு மணி நேரம் மங்கிக்கொண்டே இருந்தது. ஒருமுறைகூட "போதும், ஏற்றிவிடலாம்" என்று நீங்கள் சொல்லவில்லை. தொடர்ந்து மூன்று முறை தெளிவாக இருந்த பிறகே 600 டிகிரி வரை மணிக்கு 60 டிகிரியாக ஏற்றினோம். மண்ணோடு வேதியியலாகப் பிணைந்த நீர் போவதும், 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரிவதும் அந்த எல்லைக்குள்தான். பிறகு 1040 டிகிரி வரை. இரும்பு நிறைந்த இந்த மண் அதற்கு மேல் போனால் உப்பிக் குழைந்துவிடும். இறங்கும்போதும் அதே 573-ஐக் கடக்க வேண்டுமே என்று, 100-க்குக் கீழே வரும்வரை மூடியைத் தொடவிடவில்லை நீங்கள்.

பத்தில் ஒரு பங்கு சுருங்கியும், பார்த்த உடனே அது எந்தக் குன்று என்று தெரிகிறது.

இனி எந்தச் சிற்பத்தையும் பாதி காய்ந்த பதத்திலேயே 2 செ.மீ. சுவராகக் குடைந்துவிடுவோம். மூடிய உள்வெளி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊசித்துளை இருக்கும். அடியில் அதே மண்ணில் செய்த தட்டு ஒன்றும் இருக்கும். சிற்பத்தோடு அதுவும் சேர்ந்து சுருங்கினால் அடிப்பாகம் இழுபட்டுக் கிழியாது.

கண்ணாடி எங்களிடமே இருக்கிறது அக்கா. அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் எங்களுக்கென்று ஒன்று வாங்கிச் சூளைக்குப் பக்கத்தில் மாட்டிவிடுகிறோம்.