மூன்று பீஸுக்கு அரை நாள் கூலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 22 வருடம் செக்கிங்கில் இருந்தவள் நான். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை.

நான் இருந்த ஒரு கம்பெனியில் எங்கள் லைனில் 40 டெய்லர்கள். ஒவ்வொருவர் தைத்ததிலும் தினமும் 100 பீஸ் எடுத்துப் பார்ப்போம். தையல் விட்டது, ஓட்டை விழுந்தது, கழுத்துப்பட்டி இழுத்துக்கொண்டது என்று எல்லாம் சேர்த்து, மொத்த லைனுக்கும் சராசரியாக நூற்றுக்கு ஒன்று கழியும். ஆனால் ஒரே ஆளின் நூறில் மூன்றோ அதற்கு மேலோ கழிந்தால் அன்றைக்கு அரை நாள் கூலி பிடிப்பு. அந்தப் பட்டியலை எழுதிக் கொடுத்தது என் கைதான்.

பிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டிய ஒரு அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், ஒரு சனிக்கிழமை சம்பளக் கவரை என் மேஜையில் வைத்தே எண்ணினார். "செவ்வாய்க்கிழமை மூணு வந்துச்சுன்னு புடிச்சுட்டாங்க. புதன்கிழமை ஒண்ணுகூட வரலையே. கை அதே கைதான கண்ணு?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் என் மகளின் பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகத்தில் இருந்தது. ஒரு பீஸ் நல்லது அல்லது கழிவு, இரண்டில் ஒன்று. அப்படி நூறு பீஸில் எத்தனை கழியும் என்பதற்கு ஈருறுப்புப் பரவல் என்று பெயர். அதில் சரியாக மூன்று கழிவதற்கான கணக்கைப் போட, நூறில் மூன்றை எத்தனை விதமாக எடுக்கலாம் என்று பார்க்க வேண்டும். அது 1,61,700. அப்புறம் ஒரு பீஸ் நல்லதாக இருக்கும் வாய்ப்பான 0.99ஐ 97 முறை பெருக்க வேண்டும். பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு யார் போடுவது?

அடுத்த பாடம் பாய்சான் பரவல். 1837இல் பாய்சான் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் எழுதியது. எண்ணிக்கை நிறைய, தவறு அபூர்வம் என்றால் இரண்டையும் பெருக்கி வரும் சராசரி ஒன்று போதும். எங்களுக்கு 100 பீஸ், நூற்றில் ஒரு பங்கு, ஆக சராசரி 1. கழிவே வராத நாள் நூற்றுக்கு 36.8. இந்த ஒரு எண்ணை மட்டும் அட்டவணையில் பார்த்தால் சரி. ஒன்று வருவதும் 36.8. அதை இரண்டால் வகுத்தால் இரண்டு கழிவுக்கு 18.4, அதை மூன்றால் வகுத்தால் மூன்று கழிவுக்கு 6.1, அதை நான்கால் வகுத்தால் 1.5. மகள் கால்குலேட்டரில் ஈருறுப்புக் கணக்கையும் முழுதாகப் போட்டாள்: 36.6, 37.0, 18.5, 6.1, 1.5. எவ்வளவு கிட்ட வருகிறது பாருங்கள்!

மூன்றும் அதற்கு மேலும் சேர்த்தால் நூற்றுக்கு எட்டு. அப்படியென்றால் 40 பேரும் ஒரே திறமையுள்ளவர்களாக இருந்தாலும் தினமும் மூன்று பேர் போல மாட்டித்தான் தீர வேண்டும். நான் ஒரு மாதம் நோட்டுப் போட்டுக் குறித்தேன். பெயர்கள் தினமும் மாறிக்கொண்டே இருந்தன. மாதக் கடைசியில் நாற்பதில் 34 பேர் ஒரு முறையாவது மாட்டியிருந்தார்கள். 34 பேருமா கவனமில்லாதவர்கள்?

இதே கணக்கை 1898இல் போர்ட்கீவிச் என்பவர் பிரஷ்ய ராணுவத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். குதிரை உதைத்து இறந்த வீரர்கள், 10 படைப்பிரிவுகள், 20 வருடங்கள், மொத்தம் 122 சாவுகள். ஒரு படைப்பிரிவுக்கு ஒரு வருடம் ஒரு பதிவு என்று வைத்தால், அந்த 200 பதிவுகளில் சாவே இல்லாதவை 109. பாய்சான் கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஒரே ஒரு பதிவில் மட்டும் நான்கு சாவு. அந்தப் படைப்பிரிவை மட்டும் கூப்பிட்டுத் திட்டியிருந்தால் நியாயமா?

தவறே செய்யாதவர்கள் டெய்லர்கள் என்று நான் சொல்லவரவில்லை. இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. நூற்றுக்கு இருபது கழிகிற இடத்தில் பாய்சான் சரிவராது. ஒரு பீஸின் தவறு அடுத்த பீஸைத் தொற்றக் கூடாது என்பதும் முக்கியம். ஊசி முனை மழுங்கினால் வரிசையாகப் பத்துப் பீஸில் ஓட்டை விழும். அங்கே பார்க்க வேண்டியது ஊசியை. கூலியைப் பிடித்தால் ஓட்டை நிற்காது.

ஒரு நாளை வைத்து முடிவு செய்யாமல் ஆறு நாளைச் சேர்த்துப் பாருங்கள். 600 பீஸ், சராசரி 6. தற்செயலாகவே 12 அல்லது அதற்கு மேல் கழிய வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான். அப்படி வந்தால் கூப்பிட்டு விசாரியுங்கள், முதலில் மெஷினைப் பாருங்கள், தேவைப்பட்டால் சொல்லிக் கொடுங்கள். இதைக் கம்பெனி நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

செக்கிங் மேஜையில் இருக்கும் தங்கைகளுக்கும் ஒன்று. எத்தனை கழிந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனையாவது பீஸ் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 14, 52, 87 என்று சிதறிக் கிடக்கிறதா, 41, 42, 43 என்று ஒட்டி வருகிறதா என்பது அந்த அக்காவின் அரை நாள் கூலி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்