ஒன்றோடொன்று பொருந்தும் என்று விற்றீர்கள். இடுப்பில் 18 சென்டிமீட்டர் குறைகிறது

செந்தூல், கோலாலம்பூர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மூன்று தையல் பேட்டர்ன்கள் குறித்த புகார் – இரண்டாம் கடிதம்

ஐயா / அம்மையீர்,

சென்ற மாதம் உங்கள் இணையக் கடையில் ஒரே வரிசையைச் சேர்ந்த மூன்று கவுன் பேட்டர்ன்களை (அச்சிட்டு, துணியின் மேல் வைத்து வெட்டும் வடிவத் தாள்கள்), ஒன்று 45 ரிங்கிட் வீதம், 135 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். ஒன்றிலிருந்து மேல் பாகம், இன்னொன்றிலிருந்து ஆறு துண்டுப் பாவாடை, மூன்றாவதிலிருந்து கை எடுத்து ஒரே கவுனாகத் தைப்பது என் எண்ணம். இது நானாகத் துணிந்த காரியம் அல்ல. "இவ்வரிசையின் எந்த மேல் பாகமும் எந்தப் பாவாடையோடும் எந்தக் கையோடும் அப்படியே இணையும்" என்று உங்கள் விற்பனைப் பக்கமே சொல்கிறது. அந்த வாக்கியம் இல்லாவிட்டால் நான் ஒரு பேட்டர்னோடு நின்றிருப்பேன்.

நான் அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வியாழக்கிழமை எங்களுக்குப் பாத்தேக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) உடுத்தும் நாள். அதற்காக ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் கடை கடையாக ஏறி இறங்கி, கையால் வரைந்த பாத்தேக் துணி ஒன்றை 180 ரிங்கிட்டுக்கு எடுத்தேன். அதை மீட்டர் கணக்கில் கிழித்துத் தரமாட்டார்கள். நான்கு மீட்டர் ஒரே துண்டு. கையால் வரைந்தது என்பதால் அதே பூ, அதே நிறம் இன்னொரு துணியில் கிடைக்காது. வெட்டியது வெட்டியதுதான்.

அவசரப்பட்டேன் என்று நீங்கள் சொல்ல இடமில்லை. ஏ4 தாள்களில் அச்சிட்டதும் அச்சின் அளவு சரியா என்று பார்க்க முதல் தாளில் உள்ள சோதனைக் கட்டத்தை அளந்தேன். 5 சென்டிமீட்டர் சரியாக இருந்தது. ஆகவே அச்சுப் பிழை இல்லை. மேல் பாகத்தைக் காடாத் துணியில் தைத்துப் போட்டுப் பார்த்து, மார்பு டார்ட்டை (உடல் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் இடம்) ஒரு சென்டிமீட்டர் இறக்கினேன். கையையும் விடவில்லை. கையின் மேல் வளைவை அளந்தால் 51 சென்டிமீட்டர். மேல் பாகத்தில் கையைப் பொருத்தும் திறப்பான கைக்குழியோ 44.5. கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சுருக்கி அடக்கிவிடலாம், 6.5 சென்டிமீட்டரை எங்கே அடக்குவது? பிறகுதான் புரிந்தது, அது தோளிலிருந்து கீழே இறங்கும் தளர்ந்த கைக்குழிக்கு வரைந்த கை. தோள் முனையில் நிற்கும் கைக்குழிக்குள் அது ஒருநாளும் உட்காராது. அந்தப் பேட்டர்னை ஒதுக்கிவிட்டு, மேல் பாகத்தோடு வந்த கையையே வெட்டினேன். அந்த 45 ரிங்கிட் வீண்.

இடுப்பை மட்டும் நான் அளக்கவில்லை. என் அளவுக்குத் தைத்து முடித்த இடுப்பு 82 சென்டிமீட்டர் என்று இரண்டு பேட்டர்ன்களின் அட்டவணையிலும் இருந்தது. இரண்டும் 82 என்னும்போது இணையும் என்று நம்பினேன்.

மேல் பாகத்தின் ஒவ்வொரு துண்டிலும் "1.5 செ.மீ. தையல் ஓரம் சேர்க்கப்பட்டது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள், அதாவது தையல் கோட்டுக்கு வெளியே விடும் துணி. பாவாடையின் துண்டுகளில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. செய்முறைத் தாள்களிலும் இல்லை. ஒரே நிறுவனம், ஒரே வரிசை, அதனால் அதே முறைதான் இருக்கும் என்று 1.5 விட்டுத் தைத்தேன். பாவாடையை ஓரமே இல்லாமல் வரைந்திருக்கிறீர்கள் என்பது தைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. ஆறு துண்டு என்றால் ஆறு தையல், பன்னிரண்டு விளிம்பு. விளிம்புக்கு 1.5 என்றால் 18 சென்டிமீட்டர். 82 இருக்க வேண்டிய இடுப்பு 64 ஆனது. மேல் பாகத்தோடு வைத்துக் குண்டூசி குத்தும்போது பாவாடை பாதி வழியிலேயே முடிந்துபோனது. இரவு பதினொரு மணிக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தையல்களை எல்லாம் பிரித்து அரை சென்டிமீட்டர் ஓரத்தில் மறுபடி தைத்தாலும் 12 சென்டிமீட்டர்தான் மீளும், ஆறு குறையும். மிச்சத் துணியில் பாவாடை நீளத்துக்கு ஒட்டுக் கொடுக்க ஒரு துண்டும் தேறவில்லை.

தையல் ஓரம் இல்லாமல் பேட்டர்ன் வரைவதை நான் குறை சொல்லவில்லை. வெவ்வேறு பேட்டர்ன்களைச் சேர்ப்பவர்களுக்கு அதுதான் வசதியும் கூட: தையல் கோட்டோடு தையல் கோட்டை நேராக வைத்துப் பார்க்கலாம். ஆனால் எது எப்படி என்று துண்டின் மேல் எழுதியிருக்க வேண்டும். ஒரே வரியில் முடிகிற வேலை.

என் முதல் கடிதத்துக்கு, "பேட்டர்ன்களைக் கலந்து தைப்பது வாடிக்கையாளரின் சொந்தப் பொறுப்பு" என்று பதில் எழுதியிருந்தீர்கள். இந்தப் பதில்தான் துணி போனதைவிட என்னை அதிகம் வருத்தியது. கலந்து தைக்கலாம் என்று சொல்லித்தான் மூன்றை விற்றீர்கள். விற்கும்போது உங்கள் சிறப்பு, பிழை வந்தால் என் பொறுப்பா?

நான் கேட்பவை இவை. பேட்டர்ன்களுக்குக் கொடுத்த 135 ரிங்கிட்டையும் துணிக்கான 180 ரிங்கிட்டையும் சேர்த்து 315 ரிங்கிட்டைத் திருப்பித் தர வேண்டும். பாவாடைப் பேட்டர்னில் தையல் ஓரம் பற்றிய குறிப்பைச் சேர்த்து, அதை ஏற்கெனவே வாங்கியவர்கள் எல்லோருக்கும் திருத்திய கோப்பை அனுப்ப வேண்டும். இன்னும் துணியை வெட்டாமல் இருப்பவர்களாவது தப்பிக்கட்டும். அந்தக் கையை எந்தக் கைக்குழிகளோடு சேர்க்கலாம் என்பதையும் விற்பனைப் பக்கத்தில் எழுத வேண்டும்.

தவறாக வழிநடத்தும் விற்பனைக் கூற்றை 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. பதினான்கு நாள்களுக்குள் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பேன். அங்கே கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. பாவாடையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். பேட்டர்ன் தாள்கள், ரசீதுகள், உங்கள் விற்பனைப் பக்கத்தின் நகல், இடுப்பில் அளவுநாடா வைத்து எடுத்த படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்