போர்ட்டல் திறக்கும் முன்

ஸ்காபரோ
28 மார்ச் 2026

அன்புள்ள தம்பிக்கு,

இன்னும் பத்து நாளில், ஏப்ரல் 7ஆம் திகதி, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் பெயர் பதியும் போர்ட்டல் திறக்கிறது. 21ஆம் திகதி மூடிவிடும். போன வருசம் 30 நாள் இருந்தது, இந்த வருசம் 15 நாள்தான். பெயர் கொடுப்பதும் விடுவதும் உன் விருப்பம். ஆனால் உன்னோடு கதைக்க வரும் கோச் மனதுக்குள் என்ன கணக்குப் போடுகிறார் என்று விளங்கிக்கொண்டு போ. போனில் இதெல்லாம் அரைகுறையாகத்தான் சொல்ல முடியும். ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் காசு எங்கிருந்து வருகிறது என்று பார். கல்லூரி வீரர்களுக்குக் காசு கிடைக்கவேண்டும் என்று போட்ட ஹவுஸ் வழக்கின் இணக்கத்தை நீதிபதி குளோடியா வில்கன் 2025 யூன் 6இல் ஏற்றுக்கொண்டார். யூலை 1 முதல் பல்கலைக்கழகமே வீரருக்கு நேரடியாகக் காசு கொடுக்கலாம். முதல் வருசத்து உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 20.5 மில்லியன் டொலர். அது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. அவ்வளவையும் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பெரிய அமெரிக்கன் ஃபுட்போல் அணி வைத்திருக்கும் இடங்களில் நாலில் மூன்று பங்கு அங்கேயே போய்விடும். ஆண்கள் கூடைப்பந்துக்கு 15 வீதம் ஒதுக்கினால் மூன்று மில்லியன் சொச்சம் வரும். பிக் ஈஸ்ட் என்ற லீக்கில் பல பல்கலைக்கழகங்களுக்கு அந்த ஃபுட்போல் செலவு இல்லாததால் கூடைப்பந்துக்குத் தாராளமாக ஒதுக்கலாம். ஆகவே தொலைக்காட்சியில் அடிக்கடி பார்க்கும் பெயர் என்பதற்காகக் காசும் அதிகம் இருக்கும் என்று எண்ணாதே.

இப்போது கோச்சின் தாளைப் பார். அணியில் 15 இடம். உதாரணத்துக்கு மூன்று மில்லியன் என்று வைத்துச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 200,000. அப்படி ஒருவரும் பிரிப்பதில்லை. பந்தைக் கொண்டுவரும் கார்ட், வளையத்தடியில் நிற்கும் உயரமான ஆள், இந்த இரண்டு பேரிலேயே பாதிக்குக் கிட்டப் போய்விடும். அடுத்த மூன்று நாலு பேருக்கு மிச்சத்தில் பெரும்பகுதி. பத்தாவது ஆளுக்கு வரும்போது புலமைப்பரிசிலும் ஒரு சின்னத் தொகையும்தான் இருக்கும். ஆகவே உனக்குச் சொல்லப்படும் தொகை உன் திறமைக்கான மதிப்பு இல்லை. அந்த அணியில், அந்த ஒரு வருசத்துக்கு, காலியாகக் கிடக்கும் ஓர் இடத்தின் விலை. அதே நீ, ஏப்ரல் 8ஆம் திகதி ஒரு விலை, அந்த இடத்துக்கு வேறொருவர் வந்து சேர்ந்தபிறகு இன்னொரு விலை. "எந்த இடத்துக்கு என்னைப் பார்க்கிறீர்கள், அந்த இடத்துக்கு வேறு யாரோடு கதைக்கிறீர்கள்?" என்று நேரே கேள். நல்ல கோச் மறைக்கமாட்டார்.

ஏன் உன்னைத் தேடுகிறார்கள்? பள்ளிக்கூடத்தை முடித்து வரும் 18 வயதுப் பையனைவிட இரண்டு வருசம் கல்லூரியில் விளையாடிய ஒருவன் கோச்சுக்கு நம்பிக்கை. வளர்த்தெடுக்க அவருக்கு நேரம் இல்லை. இந்த வருசம் வளர்த்த பிள்ளை வருகிற வருசம் வேறு அணியில் நிற்கலாம். 2025இல் சம்பியனான புளோரிடாவை எடுத்துப் பார். வோல்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்தும், அலைஜா மார்ட்டின் புளோரிடா அட்லான்டிக்கிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மொன்ட்டிலிருந்தும் வந்தவர்கள். மூன்று கார்டும் உன்னுடையதைப் போன்ற சின்னச் சின்ன லீக்குகளில் தொடங்கியவர்கள். அதே வருசம் கடைசி 16 அணிகளில் சின்ன லீக் அணி ஒன்றுகூட இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தால் விசயம் விளங்கும்: சின்ன லீக்கில் தேறியவர்களைப் பெரிய அணிகள் எடுத்துவிடுகின்றன.

கோச்மார் பார்ப்பது நீ ஆட்டத்துக்கு எடுத்த புள்ளிகளை அல்ல. நீ களத்தில் நிற்கும்போது அணியின் தாக்குதல்களில் எத்தனை வீதம் உன் கையில் முடிகிறது என்று பார்ப்பார்கள். ஐந்து பேரில் சராசரி 20. உனக்கு 27, 28 என்றால், பெரிய லீக்கில் அது 18க்கு இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்போது பந்து கையில் இல்லாத நேரம் நீ என்ன செய்கிறாய் என்பதுதான் கேள்வி. பந்து வந்த கையோடு எறியும் மூன்று புள்ளி ஷொட், திரும்பி ஓடித் தடுப்பது, பந்தைப் பறிகொடுக்கும் டேர்ன்ஓவர், இவற்றை சினர்ஜி என்ற வீடியோ மென்பொருளில் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பார்கள். ஃப்ரீ த்ரோ வீதத்தையும் பார்ப்பார்கள். எறியும் கை நம்பத்தக்கதா என்பதற்கு அது பெரிய சாட்சி. பிறகு பலமான அணிகளோடு ஆடிய ஆட்டங்களைத் தனியாகப் பிரித்து எடுப்பார்கள். உனக்கு அப்படி நாலோ ஐந்தோ ஆட்டம்தான் இருக்கும். அவற்றின் வீடியோவை நீயே முதலில் பார்த்துவை. அவர்கள் கேட்கப்போகும் கேள்வி அதற்குள்தான் இருக்கிறது.

போர்ட்டலில் பெயர் ஏறுமுன் வேற்று அணிக் கோச் உன்னோடு கதைப்பது விதிமீறல். அதனால் ஏஜென்ட், பழைய கோடைக்கால அணியின் கோச், கூட்டாளி என்று யாராவது மூலம் கேட்டுப் பார்ப்பார்கள். "எவ்வளவு எதிர்பார்க்கிறாய்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். நீ முந்திக்கொண்டு ஒரு தொகை சொல்லாதே. குறைத்துச் சொன்னால் அதிலேயே நின்றுவிடும். கூட்டிச் சொன்னால் திரும்பவும் போன் வராது, ஏன் வரவில்லை என்றும் தெரியாது. பல இடங்களில் காசைக் கோச் கதைப்பதில்லை. 2022இல் டியூக் ரேச்சல் பேக்கரை அணியின் ஜெனரல் மனேஜராக எடுத்தபோது அது புதினமாக இருந்தது, இன்றைக்கு அது வழமையாகிவிட்டது. எத்தனை நிமிடம் ஆடலாம் என்பதைக் கோச்சிடமும், தொகையைப் பற்றி மனேஜரிடமும் கேட்டுவிட்டு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார். பெரிய இடம் தருவதாகக் கோச் சொல்ல, மனேஜர் பத்தாவது ஆளின் தொகையைச் சொன்னால், தொகைதான் உண்மை சொல்கிறது.

ஏஜென்ட் விசயத்தில் மிகக் கவனம். என்பிஏயில் ஏஜென்ட் கட்டணம் 4 வீதத்துக்கு மேல் போகாது. கல்லூரியில் அப்படி ஒரு வரம்பு இல்லை, 10 முதல் 20 வரை கேட்கிறார்கள். 2,000 பேருக்கு மேல் போன வருசம் போர்ட்டலில் நின்றார்கள். உன்னை அதற்குள் தள்ளிவிட்டால் அவருக்குத் தரகு, உனக்கு வெறும் வாய்ப்பு. நீ எழுத்தில் கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் உன் பெயர் ஏறிவிடும். ஏறியபிறகு உன்னைத் திரும்ப எடுக்க இப்போதைய அணிக்குக் கடமை இல்லை. புலமைப்பரிசிலையும் தவணை முடிவோடு நிறுத்தலாம்.

இனி என் நித்திரையைக் கெடுக்கும் விசயம். உன் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை இல்லாவிட்டாலும் கனடியனாகிய நீ அங்கே எஃப்-1 மாணவன்தான். வளாகத்துக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம், வெளியே அனுமதி இல்லாமல் முடியாது. எங்கள் ரொறன்ரோப் பிள்ளை சாக் ஈடி 2023, 2024 இரண்டு வருசமும் நாட்டிலேயே சிறந்த வீரர் என்று பெயரெடுத்தும், கூட ஆடிய அமெரிக்கப் பிள்ளைகளைப் போல விளம்பரக் காசு எடுக்க முடியவில்லை. அவரைப் போல வெளிநாட்டு மாணவரான கென்டக்கியின் ஒஸ்கார் ஷிப்வே 2022 கோடையில் அணி பஹாமாஸ் போனபோது விளம்பர வேலைகளை அங்கே வைத்துச் செய்தார். பல்கலைக்கழகம் நேரடியாகத் தரும் பங்கு எஃப்-1 மாணவருக்குச் சம்பளமா, பெயரையும் படத்தையும் பாவிப்பதற்கான உரிமக் கட்டணமா என்று அரசு தெளிவாகச் சொல்லவில்லை. "எங்கள் வக்கீல் பார்த்துவிட்டார்" என்று கோச் சொன்னால் போதாது. அது அவர்களுடைய வக்கீல். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேள். குடிவரவு வக்கீல் ஒருவரை நாங்கள் எங்கள் செலவில் பிடிக்கிறோம். ஒப்பந்தத்தில் "மாதம் இத்தனை நிகழ்ச்சிக்கு வரவேண்டும்" என்று ஒரு வரி இருந்தால், அமெரிக்காவில் வைத்து அதைச் செய்வது வேலையாகிவிடும். அந்த வரியை வெட்டவேண்டும், அல்லது ஓகஸ்டில் நீ இங்கே நிற்கும்போது செய்வதாக மாற்றவேண்டும்.

வெளி ஆட்கள், அதாவது கலெக்டிவ் எனப்படும் ஆதரவாளர் நிதிக் குழு, கடை, நிறுவனம், தருவதாகச் சொல்லும் காசு வேறு கணக்கு. 600 டொலரோ அதற்கு மேலோ என்றால் ஐந்து வேலை நாளுக்குள் 'என்ஐஎல் கோ' என்ற இணையத் தளத்தில் பதியவேண்டும். உண்மையான வியாபார நோக்கம் இருக்கிறதா, தொகை நியாயமா என்று அங்கே பார்ப்பார்கள். நீ இடம் மாறியபிறகு அது மறுக்கப்பட்டால், அந்தக் காசை நம்பி மாறியது நீதான். வாய்ப்பேச்சை ஒருநாளும் நம்பாதே. 2024 டிசம்பரில் புளோரிடா ஸ்டேட்டின் முன்னாள் வீரர்கள் ஆறு பேர், தலைக்கு 250,000 டொலர் தருவதாகச் சொல்லித் தரவில்லை என்று வழக்குப் போட்டார்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்தால் முதல் பக்கத்துத் தொகையை விட்டுவிட்டு, முடிவுறுத்தல் என்ற பகுதிக்குப் போ. காயப்பட்டால் காசை நிறுத்துவார்களா? கோச் வேறிடம் போனால் என்ன நடக்கும்? நீ விலகினால் வாங்கியதைத் திருப்பிக் கட்டவேண்டுமா, அல்லது புதிய அணி விடுவிப்புத் தொகை கட்டும்வரை உன்னை மறித்து வைப்பார்களா? "பல்கலைக்கழகத்தின் தனி விருப்பப்படி குறைக்கலாம்" என்ற சொற்கள் எங்காவது இருந்தால், முதல் பக்கத்துத் தொகைக்கு அர்த்தமே இல்லை. மாதாமாதம் தருகிறார்களா, பருவம் முடியவா என்பதையும் பார். ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்வதாக வீரர் கையெழுத்து வைக்கும் தேசிய விருப்பக் கடிதம் என்ற பழைய தாள் 2024இலேயே ஒழிந்துவிட்டது. இப்போது உன்னைக் கட்டுவது இந்த ஒப்பந்தமும் நிதி உதவிப் பத்திரமும்தான்.

பாடங்களையும் மறக்காதே. மூன்றாம் வருசம் தொடங்கும்போது பட்டத்தில் 40 வீதம் முடிந்திருக்கவேண்டும். புதிய இடம் உன் பொறியியல் பாடங்களில் சிலதை ஏற்காவிட்டால் அந்தக் கணக்குக் குழம்பும். பார்க்கப் போகும்போது கோச்சோடு சாப்பிடுவதற்கு முதல் பதிவாளர் அலுவலகத்திடம் எந்தெந்தப் பாடம் சேரும் என்ற தாளை வாங்கு. உன் மாணவர் தகுதிப் பத்திரமான ஐ-20ஐப் புதிய இடத்துக்கு மாற்றும் திகதியையும் தவணை முடிந்தபிறகு வரும்படி போடச் சொல்லு.

கடைசியாக ஒன்று. காசு கொடுப்பவர்கள் அவசரத்தில் டபிள்யூ-9 படிவத்தை அனுப்புவார்கள், அமெரிக்கப் பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் கையெழுத்து வைப்பார்கள். நீ வைக்கக்கூடாது. அது அமெரிக்க வரி வதிவாளருக்கு உரியது, உனக்கு உரியது டபிள்யூ-8பென். எந்தத் தாள் வந்தாலும் கையெழுத்து வைக்க முன்னம் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸப்பில் போடு. 48 மணித்தியாலத்துக்குள் பதில் வேண்டும் என்று நெருக்குவார்கள், அதனால் இரவு இரண்டு மணி என்றாலும் அனுப்பு. நானும் அப்பாவும் பார்த்துவிட்டு அப்போதே எடுக்கிறோம்.

அன்புடன்
அம்மா