பட்டறை வரட்டும், நிபந்தனைகளோடு

ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் எல்லையில், விளைநிலத்தை ஒட்டி ஒரு சிறு உலோகப் பட்டறை இடம் மாறி வர நிலப் பயன்பாட்டு அனுமதி கேட்டிருக்கிறது. லேத் (உலோகம் கடையும் எந்திரம்) ஓட்டிப் பிழைத்தவன் நான். பட்டறை வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வேலைவாய்ப்பையும் கட்டட உயரத்தையும் மட்டுமே பேசிவிட்டு எழுந்தது சரியில்லை.

நகர இரைச்சலில் அமுங்கிப்போகும், உலோகத்தை அழுத்தும் பிரஸ் எந்திரத்தின் சத்தம், கிராமத்து இரவில் தனியாகக் கேட்கும். ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கில் 10 கூடினாலே ஒலி ஆற்றல் 10 மடங்கு; எண் சிறிதென்று விட முடியாது. இரவில்தான் தொல்லை என்பதால் சத்தத்தைப் பகலில் பட்டறை வாசலில் அளந்து பயனில்லை. இரவில், பக்கத்து வீட்டு எல்லையில் அளக்க வேண்டும்.

அப்புறம், கடைசல் சுருள்கள், அதாவது லேத்தில் உலோகத்தைச் சீவும்போது விழும் சுருள்கள். பளபளவென்று கிடக்கும் அந்தக் குவியலில் உலோகத்தை வெட்டும்போது ஊற்றும் எண்ணெய் ஒட்டியிருக்கும். திறந்தவெளியில் கொட்டினால் ஒரே மழையில் வானவில் நிறத்தில் வழிந்து மண்ணில் இறங்கிவிடும். கீழே இருப்பது நாம் குடிக்கும் கிணற்று நீர். கூரையும் கசியாத தளமும் கட்டாயம் வேண்டும்.

பட்டறைக்கு வரும் லாரிகள் ஓடும் சாலையையும் பாருங்கள். அச்சுச் சுமை (லாரியின் ஓர் அச்சு சாலைமேல் இறக்கும் பாரம்) இரண்டு மடங்கானால் சாலைச் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது பொறியாளர்கள் அறிந்த கணக்கு.

இன்னொன்று: அனுமதி பெரும்பாலும் நிலத்தோடு போகும், ஆளோடு அல்ல. நாளை இடம் கைமாறி முலாம் பூசும் ஆலை வந்தால் என்ன செய்வது? எந்தத் தொழில், எந்த நேரம், எத்தனை லாரி என்பதை உத்தரவிலேயே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைசல் தொழிலாளி