ஸ்காட்லாந்தின் மொட்டை மலைகளும் குட்டை வில்லோவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்காட்லாந்துப் பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டே ஏரிக்கு மேலே நிற்கும் பென் லாயர்ஸ் மலையைப் பற்றி இவ்வளவு ஆசையோடு தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு இடம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவை மனிதக் கை படாத புல்மலைகள் என்றும், நம் நீலகிரியைப் போலவே இருக்கின்றன என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை. நான் கோத்தகிரியில் பிறந்தவள். பத்தொன்பது வருடமாக ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஒன்பது வருடமாக அதே பென் லாயர்ஸ் மலைக்கு முதுகில் நாற்று சுமந்து போகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் நடுவது வில்லோ. வில்லோ என்றதும் நம் ஊரில் கிரிக்கெட் மட்டைதான் நினைவுக்கு வரும். அது ஆற்றோரத்தில் நெடுநெடுவென்று வளரும் மரம். அதன் மலைச் சொந்தங்கள் வேறு மாதிரி. இடுப்பளவு, முழங்காலளவு, சில கட்டைவிரல் உயரம்கூட வராது. மலை வில்லோ என்று சொல்லும் ஒன்றுக்கு இலை சின்னதாக, பளபளப்பான பச்சையில் இருக்கும். கம்பளி வில்லோ என்று இன்னொன்று உண்டு. அதன் இலையைத் தொட்டால் எனக்கு எருக்கிலையின் அடிப்புறம்தான் ஞாபகம் வரும், அதைவிட மிருது. வெயில் பட்டால் செடி முழுக்க வெள்ளிபோல் மின்னும். விதையும் எருக்கம்பஞ்சு மாதிரிதான் காற்றில் போகும். முதன்முதலில் அந்தப் பஞ்சு என் கையுறையில் ஒட்டியபோது, மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டுக்குப் பின்னால் இருந்த எருக்கம்புதர்தான் கண்முன் வந்தது.

உயரமான மரங்கள் நின்றுபோகும் எல்லைக்கு மேலே, வெறும் பாறையும் பாசியும் தொடங்குவதற்கு முன்னால், இந்தக் குட்டைச் செடிகள் ஒரு பட்டையாக மலையைச் சுற்றி இருக்க வேண்டும். நார்வேயில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அங்கே போயிருந்தபோது, சாம்பல் நிறப் புதர்களுக்கு நடுவே மணிக்கணக்கில் நடந்தேன். உள்ளே எங்கும் பறவைச் சத்தம். ஸ்காட்லாந்தில் அந்தப் பட்டை ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்டது. கம்பளி வில்லோ பிரிட்டனிலேயே ஸ்காட்லாந்தில் மட்டும், பத்துப் பதினைந்து இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. அதுவும் ஆடும் மானும் எட்ட முடியாத செங்குத்துப் பாறை விளிம்புகளில். பாறைதான் அதற்குப் பிடித்த இடம் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். இல்லை. மற்ற இடமெல்லாம் தின்று தீர்ந்தபின் அது ஒண்டிக்கொண்ட மூலை அது.

தின்றது யார்? இங்கே பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் குடியானவர்களை நிலத்தைவிட்டு விரட்டி, மலைகளை ஆட்டுப்பண்ணைகளாக மாற்றினார்கள். அப்புறம் பணக்காரர்களின் வேட்டைக்காக மான்களைப் பெருக விட்டார்கள். மானைப் பிடித்துத் தின்ன ஓநாய் அதற்கும் முன்பே அழிந்துவிட்டது. முளைக்கும் ஒவ்வொரு துளிரும் தரையோடு கடிபட்டால் எந்தச் செடி நிமிரும்? கட்டுரையாளர் வியந்து எழுதிய அந்தப் புல்விரிப்பு இப்படி வந்ததுதான். அந்த மலையில் மனிதக் கை படாத இடம் என்று சொன்னால் பாறை விளிம்புகளை வேண்டுமானால் சொல்லலாம்.

வில்லோவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பனையைப் போல ஆண் செடி தனி, பெண் செடி தனி. ஒரு பாறையில் நாலு செடி மிஞ்சி, நாலும் பெண்ணாக இருந்தால் கதை முடிந்தது. செடி பல வருடம் உயிரோடு இருக்கும், பூக்கும், ஆனால் பிள்ளை பிறக்காது. விதை விழுந்தாலும் சில நாட்களுக்குள் ஈரமான வெற்று மண் கிடைக்க வேண்டும். அதற்குமேல் அது உயிர் தாங்காது. அதனால்தான் கயிறு கட்டிப் பாறையில் இறங்கி, வெவ்வேறு செடிகளிலிருந்து விதையும் குச்சியும் எடுத்து, நாற்றங்காலில் வளர்த்து, ஆணும் பெண்ணும் கலந்து மேலே கொண்டுபோய் நடுகிறார்கள். கயிற்று வேலை தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். நான் சுமப்பவள், நடுபவள்.

கட்டுரையாளர் ஏறிய அதே பாதையில்தான் நாங்களும் ஏறுவோம். கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு வேலி, அதில் ஒரு மரக்கதவு. அவரும் அதைத் திறந்துதான் உள்ளே போயிருப்பார். அந்த மலை 1950 முதல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் இருக்கிறது. மேய்ச்சல் உரிமை வழிவழியாக விவசாயிகளுக்கு இருப்பதால், 1980களின் கடைசியிலிருந்து அங்கங்கே இப்படி வேலி போட்டிருக்கிறார்கள். கதவுக்கு உள்ளே பிர்ச், ரோவன் மரங்கள், வில்லோ, இடையிடையே ஊதாவும் மஞ்சளுமாகப் பூக்கள். ஓடை ஓரமெல்லாம் புதர். மேலே இன்னொரு கதவு. அதைத் தாண்டிக் கால் வைத்தால் மொட்டைப் புல். மண் அதே மண், மழை அதே மழை. நடுவில் கம்பி மட்டும்தான்.

அதற்கு மேலும் ஏறிப்போய்த்தான் நாங்கள் நடுவோம். ஆளுக்கு நாற்பது நாற்று. மே மாதத்தில்கூட ஆலங்கட்டி அடிக்கும். 2017இல் நான் நட்டவற்றில் ஒரு வரிசை இப்போது முழங்கால் உயரம். போன வசந்தத்தில் அதில் ஒன்று முதல்முறையாகப் பூத்தது. ஆண் செடி, பொன்மஞ்சள் பூங்கதிர். அதில் ஒரு பெரிய வண்டுத்தேனீ உட்கார்ந்திருந்தது. பனி அப்போதுதான் உருகியிருந்தது. சுற்றிலும் வேறு பூ எதுவும் இல்லை. குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து எழுந்து வரும் ராணித்தேனீக்கு அந்த நேரத்தில் வில்லோதான் சோறு. நான் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இனி நீலகிரி. அங்கே விஷயம் தலைகீழ். நம் மேல்மலைப் புல்வெளி இயற்கையானது. சதுப்பு மண்ணை ஆராய்ந்தவர்கள் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். மடிப்புகளில் சோலை, மேடுகளில் புல், அந்தப் புல்லில் வரையாடும் தோடர்களின் எருமையும். அதைத் தரிசு என்று நினைத்துத்தான் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும் நட்டார்கள். என் அப்பா அந்த வேலைக்குப் போனவர். தினக்கூலிக்குச் சீகை நாற்று நட்டு எங்களைப் படிக்க வைத்தார். மரம் நடுவது புண்ணியம் என்று மனசார நம்பினார். நான் இங்கே மலையில் செடி நடுகிறேன் என்று போனில் சொன்னபோது அவ்வளவு சந்தோஷப்பட்டார். அங்கே இப்போது சீகையை வெட்டிப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள் என்பதை அவரிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.

அதனால்தான் 'நம் நீலகிரியைப் போலவே' என்ற அந்தச் சொற்கள் என்னைக் குத்துகின்றன. அதைப் படிக்கும் ஒரு பிள்ளை, பென் லாயர்ஸ் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைக்கும். அல்லது, அங்கே மரம் நடுகிறார்களே, நம் புல்மேட்டிலும் நடலாமே என்று கிளம்பும். எந்த மலைக்கு என்ன சொந்தம் என்று கேட்காமல் நட்டதால்தான் என் ஊரில் இத்தனை பாடு.

வரும் இணைப்பில் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். மேல் கதவருகே நின்று, வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் எடுத்த இரண்டு படங்களை இத்துடன் அனுப்பியுள்ளேன். இடம் குறைவாக இருந்தால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். படங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

தங்கள் வாசகி,
பெர்த், ஸ்காட்லாந்து