புறப்படுமுன் அந்த ஊர்க் கலண்டரையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பாடசாலைத் தவணை விடுமுறை நெருங்கியதும் மலையக நகரங்களிலுள்ள பயண முகவர் நிலையங்களில் திருச்சிக்கும் சென்னைக்கும் விமானச்சீட்டு விசாரிப்போர் கூட்டம் கூடிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றவன் என்பதால், பட்டறிந்த சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்கு எழுத விரும்புகிறேன்.

நுவரெலியாவில் வாழும் எங்களுக்கு ஏப்ரல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானுஓயாவிலிருந்து நகருக்குள் நுழைவதற்கே வாகனங்கள் ஊர்ந்து வரும். விடுதி அறைகளின் வாடகை பன்மடங்காகும். ஊர்க்காரர்கள் வேண்டிய சாமான்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுவோம். சிவனொளிபாதமலைக்கும் இதே கணக்குத்தான். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை நீளும் யாத்திரைக் காலத்தில், மஸ்கெலியாப் பக்கத்தவர் பெரும்பாலும் போயா இரவையும் வார இறுதியையும் தவிர்த்து, ஏதேனும் ஒரு செவ்வாய், புதனில் மலையேறி வந்துவிடுவார்கள். உள்ளூரில் இவ்வளவு விவரமாக நடந்துகொள்ளும் நாம், அந்த விவரத்தைக் கட்டுநாயக்கவிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறோம்.

2025 ஏப்ரல் விடுமுறையில் நாங்கள் ஏழு பேர் திருச்சி சென்று, அங்கு ஒரு வானை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரிக்குப் புறப்பட்டோம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட என் பெரியப்பாவின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். அவ்வாறு சென்றோருக்கென 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கி, பின்னர் டான்டீ என்று பெயர்பெற்ற தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர்கள் அவர்கள். சித்திரை வருடப்பிறப்பை அவர்களோடு கொண்டாட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாங்கள் புறப்பட்டது சனிக்கிழமை. அந்த ஆண்டு வருடப்பிறப்பு திங்கட்கிழமையில் அமைந்ததால் தமிழ்நாட்டிலும் தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை என்பதை நான் யோசிக்கவே இல்லை.

மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியை நெருங்குமுன்பே வாகன வரிசை தொடங்கிவிட்டது. முறை வந்து சாவடியில் நின்றபோது இ-பாஸ் எங்கே என்று கேட்டார்கள். அப்படியொன்று இருப்பது எனக்குத் தெரியாது. சாரதியோ நான் எடுத்திருப்பேன் என்று நினைத்திருந்தார். சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7ஆம் திகதி முதல் இந்த அனுமதி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது என்பதையும், 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைப் பருவத்தில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டிருந்தது என்பதையும் அந்த வரிசையில் நின்றுதான் அறிந்துகொண்டேன். ஒருவாறு பதிவு செய்து, உறவினர் வீட்டை அடைந்தபோது இரவு ஒன்பது மணி. மறுநாள் பேத்திக்கு உதகைப் பூங்காவைக் காட்டப் போய், பாதி வழியிலேயே நெரிசலில் மாட்டித் திரும்பிவிட்டோம். நுவரெலியாவின் ஏப்ரல் கூட்டத்துக்குத் தப்பி ஓடிய நாங்கள், அதே போன்ற இன்னொரு மலைநகரின் ஏப்ரல் கூட்டத்துக்குள் காசு கொடுத்துப் போய் விழுந்திருந்தோம்.

"ஏண்ணே, ஆகஸ்ட்ல வந்திருக்கக் கூடாதா?" என்று தம்பி முறையான ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டுப் பாடசாலைகள் ஜூன் மாதத்தில் திறந்துவிடுகின்றன. நமக்கோ ஆகஸ்டில் தவணை விடுமுறை வருகிறது. நீலகிரியின் மேற்குப் பக்கத்தில் அப்போது தென்மேற்குப் பருவமழை கொட்டினாலும், கிழக்குச் சரிவிலுள்ள கோத்தகிரிக்கு அதன் தாக்கம் குறைவு. இந்தியச் சுதந்திர தினமான 15ஆம் திகதியை ஒட்டி வரும் தொடர் விடுமுறையை மட்டும் தவிர்த்தால் போதும். இன்னொன்று: அரச பஸ்ஸில் செல்வோருக்கு இ-பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் வானை விட்டு பஸ் ஏறியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திராது.

சபரிமலை செல்வோருக்கு இது இன்னும் முக்கியம். டிசம்பர் விடுமுறையில் மாலை போட்டுச் செல்லும் நம்மவர் பலர், மண்டல பூசை டிசம்பர் 26 அல்லது 27இல் நிறைவுற்றதும் நடை அடைக்கப்பட்டு 30ஆம் திகதிதான் மகரவிளக்குக்காக மீண்டும் திறக்கப்படுகிறது என்பதை அறியாமல், இடைப்பட்ட நாட்களுக்குச் சீட்டு எடுத்துவிடுகிறார்கள். விரதக் காலத்திலேயே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு மலையாள மாதத்தின் தொடக்கத்திலும் ஐந்து நாட்கள் நடை திறந்திருக்கிறது. அதே டிசம்பர் கடைசி வாரத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. சபரிமலையிலிருந்து திரும்பும் ஐயப்ப பக்தர்கள் பழனியிலும் இராமேஸ்வரத்திலும் நிறைந்திருப்பார்கள். பொங்கலையொட்டிச் சென்னையிலிருந்து தெற்கே செல்ல ரயிலில் இடம் கிடைப்பது அரிது. முன்பதிவு 120 நாட்களுக்கு முன் திறந்த நிலை மாறி, 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களாகக் குறைந்துள்ளதால், பழைய கணக்கை நம்பி இருப்பவர்கள் ஏமாறுவார்கள்.

சென்ற ஆண்டுத் திகதியை இந்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்வதும் ஆபத்து. வேளாங்கண்ணித் திருவிழா எந்த ஆண்டும் ஓகஸ்ட் 29இல் கொடியேறி செப்டெம்பர் 8இல் முடியும். தைப்பூசமோ 2025இல் பெப்ரவரி 11, 2026இல் பெப்ரவரி 1. வைகுண்ட ஏகாதசி 2025ஆம் ஆண்டில் ஜனவரி 10, டிசம்பர் 30 என்று இருமுறை வந்தது. அந்த ஜனவரியில்தான் திருப்பதியில் தரிசன டோக்கனுக்குக் காத்திருந்த கூட்டம் நெரிந்து ஆறு பேர் உயிரிழந்தனர். கூட்டத்தை வெறும் அசௌகரியம் என்று நினைப்பவர்கள், முக்கியமாக வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள், இதை மனதில் கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் வேலை செய்வோருக்கும் பாடசாலைப் பிள்ளைகளை வைத்திருப்போருக்கும் நினைத்த மாதத்தில் புறப்பட முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. அவர்களால் மாதத்தை மாற்ற முடியாவிட்டாலும், போகும் ஊரையோ புறப்படும் கிழமையையோ மாற்றலாம். என் போன்ற ஓய்வூதியர்களுக்கு அந்தத் தடையும் இல்லை; தைப்பூசம் கழிந்த பெப்ரவரி நடுப்பகுதியில் வெயிலும் ஏறியிருக்காது, பிள்ளைகளின் பரீட்சைக் காலம் நெருங்குவதால் அங்குள்ள குடும்பங்களும் வெளியூர் கிளம்பமாட்டா.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பாக, அக்காலத்தில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வரும் அரசு விடுமுறைகள், பெருங்கோயில் திருவிழாக்கள், நடை அடைக்கும் நாட்கள், இ-பாஸ் போன்ற புதிய விதிகள் ஆகியவற்றைத் திரட்டி அரைப் பக்கத்தில் வெளியிட்டால், விமானச்சீட்டுக்குப் பணம் கட்டுமுன் அதைப் பார்த்துக்கொள்வோம். ராசிபலனுக்குப் பக்கத்தில் போட்டால் தவறாமல் எல்லோர் கண்ணிலும் படும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
நுவரெலியா.